ஒரே முகம்

சமூகக் கலைக்கூடத்தில் பெரியவர்களுக்கான மழைக்கால ஓவியப் பயிற்சி, எட்டு சனிக்கிழமைகள் நடந்தது. மற்றவர்கள் பழம், பூச்சாடி என்று வரைய, அங்கே சேர்ந்திருந்த ஒரு தையற்காரம்மா மட்டும் வாராவாரம் ஒரே ஆண் முகத்தையே வரைந்தாள்.

“வேற ஏதாச்சும் வரைங்களேன்மா” என்றார் ஓவிய ஆசிரியர்.

“இது முதல்ல சரியா வரட்டும் சார்.”

மூக்கை அழித்து அழித்துத் தாளே கிழிந்தது. ஒருநாள் அழுதுகொண்டே வரைந்தாள். பிரிந்துபோன புருஷனாக இருக்கும் என்று பக்கத்து மேசையில் கிசுகிசுத்தார்கள்.

கடைசி வாரம் கண்கள் அமைந்துவிட்டன. ஆசிரியர் அசந்துபோனார்.

“நேர்ல பாக்குற மாதிரியே இருக்கும்மா. பிரியம் இல்லாம இப்படி வராது. வீட்டுக்காரரா?”

“பேர்கூடத் தெரியாது சார். என் பொண்ணு மேல காரை ஏத்திட்டு, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்தான். போலீஸ்ல நான் சொல்லச் சொல்ல ஒருத்தர் வரைஞ்சார். அவருக்கு வரவே இல்லை.”



அவள் தாளைப் பத்திரமாகச் சுருட்டினாள். “மறந்துடக் கூடாதுன்னு ராப்பகலா இவன் முகத்தையே நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார். இனிமேலாவது என் பொண்ணு முகத்தை நெனச்சுக்குறேன்.”