கரும்பாறைக்கு மேலே

அலாஸ்காவின் மலைமுகட்டில், பனிச்சறுக்குப் பலகையில் கால்களைப் பூட்டிக்கொண்டு போட்டியில் தன் முறைக்காக நிற்கிறாள் டெல்ஃபின். கீழே சுவர்போல் இறங்கும் பனிச்சரிவின் நடுவே, நீல நிழலோடு ஒரு கரும்பாறை. அதிலிருந்து குதித்த தோழி மரேன், காலடியில் பனி பெயர்ந்ததில் உருண்டு விழுந்து, இப்போதுதான் எழுந்து நிற்கிறாள். தலைக்கவசத்துக்குள் வாக்கிடாக்கி கரகரக்கிறது. "பாறைப் பக்கம் வராதடி. வலப்பக்கமா சுத்தி இறங்கு," என்கிறாள் மரேன். "சுத்தி வந்தா கோப்பை எப்படிடி கிடைக்கும்? சரியவேண்டிய பனியையெல்லாம் நீயே சரிச்சுட்டியே," என்கிறாள் டெல்ஃபின். "அப்போ கேட்டுக்கோ, அடியில வெறும் ஐஸ்தான் இருக்கு. முட்டியை நல்லா மடக்கு, பிசாசே." நடுவர் கையைத் தாழ்த்துகிறார்.  டெல்ஃபின் இடுப்பை முன்னே சாய்க்கிறாள். பாறை விளிம்பைக் கடந்ததும் எல்லா ஓசையும் நின்றுவிடுகிறது. பிறகு முழங்கால்கள் நெஞ்சில் வந்து மோதுகின்றன. பலகை தடுமாறி, நேராகி, ஓடுகிறது. காதுக்குள் மரேன் திட்டிக்கொண்டே அழுகிறாள்.