குண்டு ள

“சுத்த பிராடு டீச்சர்!” பக்கத்து வீட்டு வங்கிக்காரி செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நீங்க விண்ணப்பமே போடல. அவனாத் தேடி வந்து, வீட்டிலேயே டைப் பண்ணுங்க, கை நிறையச் சம்பளம், முன்பணம் மட்டும் கட்டுங்கன்னு சொல்றான். யார் காதுல பூ சுத்துறான்?”

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

“எழுத்தைப் பாருங்க, ‘வீட்டிலிருந்தே வேளை’யாம்! குண்டு ள போட்டிருக்கான். நிஜக் கம்பெனி இப்படியா எழுதும்? நீங்க திருத்தாத பிழையா?”

“அதைத்தாம்மா பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“அழிச்சுட்டு நம்பரை பிளாக் பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

டீச்சர் அழிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்: ‘வேளையா, வேலையா?’

சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது.

‘மூணு வேளை சோறு போடுறது வேளைதானே டீச்சர்?’

இரண்டாம் வகுப்பில், அவள் சிவப்பு மையால் சுழித்த நோட்டை நீட்டிக்கொண்டு, பெற்ற அம்மாவையே ‘டீச்சர்’ என்று கூப்பிட்டு மகன் சொன்ன அதே பதில். தேடி வந்த இதே மாதிரி ஒரு வாய்ப்பை நம்பி விமானம் ஏறியவன். எட்டு மாதமாக அவனிடமிருந்து ஒரு போன் இல்லை.

‘எங்கேடா இருக்கே?’ என்று அவள் தட்டி முடிப்பதற்குள் இன்னொரு வரி வந்தது.

‘பணம் மட்டும் கட்டிடாதேம்மா.’

அடுத்த நொடி அவன் எழுதிய இரண்டு வரிகளும் அழிந்துபோயின. விளம்பரம் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் குண்டு ளவை அவள் விரலால் தடவிக் கொடுத்தாள்.