சேலை மடிக்கும் டீச்சர்

மலேசியாவின் அலோர் ஸ்டார் நகரத் துணிக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வகுப்புத் தோழன் குணாளனுக்கு மோகனா கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து நகைக்கடை அம்மா நுழைந்ததும், கடை முதலாளியான குணாளனின் தாய் ரமணி, "மோகனா, அந்தச் சேலைய எடுத்து மடி," என்கிறார். ரப்பர் எஸ்டேட்டுக் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணிடம் மகன் பாடம் கேட்பது தெரிந்தால் கடையின் மதிப்பு இறங்கிவிடுமாம். மோகனா எழுந்து மடிக்கிறாள். அவள் பிடியில் பட்டு கசங்குகிறது. "பையனுக்கு டியூஷன் யாரு, ரமணி?" "பினாங்குலேருந்து ஒரு சார் வராரு. பெரிய ஆளு." குணாளன் பேனாவைக் கடித்தபடி தலை குனிந்துகொள்கிறான். டியூப்லைட் வெளிச்சத்தில் ஜரிகை மட்டும் கூச்சமில்லாமல் மின்னுகிறது. மோகனா சேலையை அப்படியே போட்டுவிட்டு, அவன் நோட்டை இழுத்து, பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டு அடிக்கிறாள். "ஆன்ட்டி, நாளைலேருந்து அந்தச் சாரையே வரச் சொல்லுங்க லா. நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் இவன் மண்டையில ஏறல."