குளக்கரையில் ஒரு ஓட்டு

எல்லாக் காடுகளும் சேர்ந்து நடத்தும் பெரிய பாட்டுப்போட்டிக்கு யாரை அனுப்புவது என்று ஒரு காட்டின் குளக்கரையில் தேர்வு நடந்தது. ஜெயிப்பவர் யானை முதுகில் ஏறிப் போகலாம்.

குயிலும் தவளையும் சில்வண்டும் உயிரைக் கொடுத்துப் பாடின. தண்ணீர் குடிக்க வந்த எருமையையும் பேருக்குச் சேர்த்துக்கொண்டன. அது ஒரு வரி பாடிவிட்டு, அடுத்த வரி மறந்துபோய் அசைபோட ஆரம்பித்தது.

பாடியவர்களேதான் ஓட்டும் போட வேண்டும். பேரை, ஓட்டு எண்ண உட்கார்ந்திருந்த ஆமையின் காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டும். தன் பேரைச் சொல்லக் கூடாது.

குயில் யோசித்தது. 'தவளை பேரைச் சொன்னால் தவளை ஜெயித்துவிடும். சில்வண்டு பேரைச் சொன்னால் அது ஜெயித்துவிடும். எருமை என்று சொல்லிவைத்தால் வம்பே இல்லை.'

தவளையும் சில்வண்டும் அச்சு அசலாக அப்படியே யோசித்தன.

எருமை அமோகமாக ஜெயித்தது.

"இந்தக் காட்டுல ரசனையே செத்துப்போச்சு!" என்று கத்தியது குயில்.

"யாருய்யா இதுக்குப் போட்டது?" என்று குதித்தது தவளை.

"நான் இல்லப்பா," என்றது சில்வண்டு.

"சத்தியமா நானும் இல்ல. நான் குயிலுக்குத்தான் போட்டேன்," என்றது எருமை.

மூன்றும் அவசரமாக யானையைக் கூப்பிடக் கிளம்பின.

எருமையை யானை மேல் ஏற்ற முடியவில்லை. நடத்தியே கூட்டிப் போயின. மற்ற காட்டுப் பாடகர்கள் முன்னால் மானம் போகப்போகிறதே என்று மூன்றும் தலையைக் குனிந்துகொண்டே மேடைக்குப் பின்னால் நுழைந்தன. நிமிர்ந்து பார்த்தால், அங்கே வரிசையாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தவை எல்லாமே எருமைகள்.