கேரட்டா, கீரையா?

"கேரட்டை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு, கீரையை அப்படியே வச்சிருக்கியே கண்ணு!"

காலையில் கொடுத்துவிட்டுப் போன டப்பாவைத் திறந்து பார்த்த அந்த அம்மாளின் முகம் சுருங்கிப் போனது. தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடச் சீருடைகளைக் கொடுத்தாக வேண்டும். இன்னும் பொத்தானுக்குக் காஜாகூட எடுத்தபாடில்லை.

"அதுல என்ன தப்பு?" பின்னாலேயே வந்த கணவர் மூச்சு வாங்கியபடி முக்காலியில் உட்கார்ந்தார். "வேக வச்ச கேரட்ல இருக்கிற ஏ வைட்டமின் கீரையில கிடையாது. காலம்பூரா மருந்துக்கடை வச்சிருந்தவன் சொல்றேன்."

"மாத்திரை வித்தவருக்குக் கீரையைப் பத்தி என்ன தெரியும்? அதுலயும் ஏ வைட்டமின் இருக்கு. அதோட இரும்பு, கால்சியம் வேற. உங்க கேரட்ல இனிப்பைத் தவிர என்ன இருக்காம்?"

"கீரையில இருக்கிற இரும்பு உடம்புல லேசுல ஒட்டாதுடி. எலுமிச்சை பிழிஞ்சாதான் கொஞ்சமாவது சேரும்."

"பிழிஞ்சுதான் கொண்டாந்திருக்கேன். ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்டிருக்கேன். எண்ணெய் படலேன்னா உங்க வைட்டமினும் உள்ளே இறங்காது, தெரிஞ்சுக்கோங்க!"

முதலில் ஒரு தலையணை உறை தைக்கக் கொடுக்க வந்தவர்கள்தான். உறையை வாங்கிப் போன மறுநாள் டப்பாவோடு வந்தார்கள். அப்புறம் தினமும் இதே கச்சேரி. "உன்னைத் தத்து எடுத்துட்டாங்கடி" என்று பக்கத்துக் கடைக்காரி கிண்டல் செய்தபோது தையல்காரியும் சிரித்தாள். பெற்றவர்களை அறியாதவளுக்கு அது இனிக்கக்கூடச் செய்தது.

ஆனால் இன்று தலைக்கு மேல் வேலை.

"ஒரே ஒரு வாய் கண்ணு..." கீரையை எடுத்துக்கொண்டு அம்மாள் குனிந்தாள். கை தவறி, வெள்ளைச் சட்டைத் துணியில் பச்சையாக வழிந்தது.

"ஐயோ! போதும்மா!" தையல்காரி கத்தியே விட்டாள். "கேரட்டும் வேணாம், கீரையும் வேணாம். பெத்த பொண்ணுக்கு ஊட்டுற மாதிரி தினம் தினம் வந்து உசிரை வாங்குறீங்களே, நான் யாரு உங்களுக்கு?"

மிஷின் சக்கரம் தானாகச் சுற்றி ஓய்ந்தது. அம்மாள் முந்தானையால் துணியைத் துடைக்கத் துடைக்க, கறை பரவியது.

"யாரும் இல்லம்மா," என்றார் பெரியவர் மெதுவாக. "விசாரிச்சுக்கிட்டுப் போகக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க. இவளுக்குத்தான் மனசு கேக்கல. ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்னா. அப்புறம்... எனக்கும் வராம இருக்க முடியல."

தையல்காரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டபோது மிஷினை விட்டு எழுந்துவிட்டாள்.

அம்மாள் விரலை நீட்டி, போன வருஷம் ஆபரேஷனில் கருவிழி மாற்றிய தையல்காரியின் வலது கண்ணின் ஓரத்தை மெல்லத் தொட்டாள்.

"எங்க பொண்ணோட மத்த எல்லாத்தையும் மண்ணுக்குக் குடுத்துட்டோம்மா. இது ஒண்ணுதான் இன்னும் எங்களைப் பாத்துக்கிட்டிருக்கு."