சொந்த ஊர் மரியாதை

“தலைவரே, அடுத்து வர்றது எங்க ஊரு” என்றான் லுதோவிக், மூச்சு வாங்கிக்கொண்டே.

பாஸ்தியான் மிதிப்பதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தான். அந்த சைக்கிள் பந்தயத்தில் ஓடிய நூற்றிருபது பேரும் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். “கஸ்தெல்மூரேஸா? இத்தனை வருஷத்துல சொல்லவே இல்லையேய்யா பெருசு!”

“யாரும் கேக்கலையே தலைவரே.”

உண்மைதான். முப்பத்தாறு வயது லுதோவிக் பதினான்கு வருடமாகப் பந்தயம் ஓட்டுகிறான். ஓட்டுகிறான் என்ன, ஜெயிக்கப் போகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் சுமக்கிறான். தண்ணீரைத் தவிர அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

இன்று அவனுக்குக் கடைசிப் பந்தயம். திங்கட்கிழமை மச்சானின் டயர் கடையில் வேலைக்குச் சேர வேண்டும். காலையில் கிளம்பும்போது எட்டு வயது மகள், “அப்பா, இன்னிக்காவது முதல்ல வருவியா, இல்ல இன்னிக்கும் தண்ணிதானா?” என்று கேட்டுவிட்டாள். அது நூறு கிலோமீட்டராக அவனைக் குத்திக்கொண்டே வந்தது.

சைக்கிள்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பந்தயம் ஒருவனுடைய சொந்த ஊர் வழியாகப் போனால், அவனை முன்னே விட்டுவிடுவார்கள். அவன் போய் வீட்டாரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டு, ஓரமாக நின்று, பின்னால் வரும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டும்.

“போய்யா, போய் அம்மாவைப் பாரு” என்று முதுகில் தட்டினான் பாஸ்தியான். “நாங்க அதுக்குள்ள தோட்டத்தோரமா ஒதுங்கிட்டு வர்றோம்.”

நூற்றுப்பத்தொன்பது பேரும் திராட்சைக் கொடிகளைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். ஒலிபெருக்கி கட்டிய மோட்டார் சைக்கிள் ஊரை நோக்கிப் பறந்தது. “கஸ்தெல்மூரேஸ் மக்களே! உங்க ஊர்ப் பிள்ளை லுதோவிக் உங்களைப் பார்க்க ஓடி வர்றார்!”

கஸ்தெல்மூரேஸில் முந்நூறு வீடுகள். அதில் பாதி, பாரிஸ்காரர்கள் கோடைக்கு மட்டும் வந்து திறப்பவை. இருந்தவர்கள் எல்லோரும் கோட்டை வாசலுக்கு ஓடி வந்தார்கள். மேயர் ஜெர்மேன் மூவண்ணப் பட்டையை அவசரமாகத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். மார்ச் மாதம் தேர்தல்.

லுதோவிக் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரொட்டிக்கடை சோலான்ஜ் அம்மாளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளும் அழுதாள். அந்த வட்டாரத்தில் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டே முத்தம்தான். இவன் நாலு கொடுக்கப் போக, மூன்றாவதில் மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டன.

“பாவம், ஊர் ஊரா சுத்துனதுல முத்தக் கணக்கே மறந்துபோச்சு புள்ளைக்கு” என்றார் கசாப்புக் கடைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மேயர் தொண்டையைச் செருமினார். “எனக்கு அப்பவே தெரியும், இந்தப் பையன் பெரிய ஆளா வருவான்னு!” யாரோ ஒயின் கோப்பையை நீட்டினார்கள். யாரோ பொரித்த வாத்தில் பாதியை அவன் சட்டையின் பின்பையில் செருகினார்கள்.

“ஏறுப்பா, ஏறு! இங்க நின்னு என்ன பண்ணப்போற? போயி ஜெயிச்சுட்டு வா!” என்று ஊரே சேர்ந்து சைக்கிளைத் தள்ளியது. தள்ளு என்றால் அப்படியொரு தள்ளு. ஊரைத் தாண்டி வந்த மேட்டின் பாதிவரை அவன் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பாஸ்தியான் கூட்டம் ஊருக்குள் நுழைந்தபோது ஓரமாக யாரும் நிற்கவில்லை. “எங்கய்யா பெருசு?” என்று கத்தினான்.

“போயி அஞ்சு நிமிஷமாச்சு!” என்றது ஊர், பெருமையாக.

அப்போது பாஸ்தியான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பதினாறு கிலோமீட்டர் விரட்டினார்கள். இரண்டு குன்று, ஒரு கல்பாலம், காற்றுக்கு மறைவில்லாத சூரியகாந்தி வயல். கடைசி நேர்ச்சாலையில் கை எட்டும் தூரத்துக்கே வந்துவிட்டார்கள். ஆனாலும் லுதோவிக் ஒரு சக்கர நீளத்தில் முதலில் வந்தான். வந்த வேகத்தில் சைக்கிளோடு விழுந்து, வாத்தின் மேலேயே கிடந்து சிரித்தான். மகளுக்குச் சொல்ல இனி ஒரு பதில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் முழங்கால் சிராய்ப்புகூட அவனுக்கு வலிக்கவில்லை.

பாஸ்தியான் சட்டையைப் பிடிக்கத்தான் வந்தான். “இதுதான் நீ காட்டுற மரியாதையாய்யா?”

“தப்புதான் தலைவரே. அம்மா கண்ணுல தண்ணியப் பார்த்ததும் காலு தன்னால சுத்திடுச்சு.”

பாஸ்தியானுக்கும் அம்மா இருந்தாள். பிடித்த சட்டையை விட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டான்.

அங்கே கஸ்தெல்மூரேஸ் கஃபேயில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர், கூரை பறக்கக் கத்தியது. ஒருவர் ஓடிப்போய்த் தேவாலய மணியை அடித்தார். ரொட்டிக்கடைத் தெருவுக்கு லுதோவிக் பெயரையே வைப்பதாக மேயர் அந்த இடத்திலேயே அறிவித்தார். பிறகு, அழுது முகம் வீங்கியிருந்த சோலான்ஜ் அம்மாளின் கைகளைப் பிடித்துக் குலுக்கினார்.

“சாதிச்சுட்டாம்மா உங்க பையன்!”

சோலான்ஜ் கைக்குட்டையைக் கீழே இறக்கினாள்.

“என் பையனா? உங்க பையன்னு நினைச்சுல்ல நான் அழுதேன்!”