அலாரத்துக்கு ஒரு நட்சத்திரம்

மூன்றாம் வகுப்பில் எல்லோரும் அலாரம் என்று கூப்பிடும் அந்தச் சிறுமி வாயைத் திறந்தாள். கரும்பலகை ஓரம் நின்ற ஆசிரியை சட்டென்று வகுப்பின் பின்பக்கம் பார்த்தாள்.

கடைசி வரிசைக்குப் பின்னால் தலைமையாசிரியரும் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஒரு பாடம் நல்லபடியாக முடிந்தால் ஆசிரியையின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் வேறு பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

அலாரம் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பாடா!

அந்தப் பெயரை வைத்ததே ஆசிரியர்கள் ஓய்வறைதான். எதற்கெடுத்தாலும் "டீச்சர்!" என்று ஒரு கத்தல். ரப்பரைக் காணோம். ஜன்னலில் குளவி. பின்னால் இருப்பவன் மூக்கை நோண்டுகிறான். பாடத்தைத் தொடங்குவதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

இரண்டு அதட்டு போட்டால் அடங்கிவிடுவாள் என்றார் கணக்கு ஆசிரியர். ஆனால் ஆசிரியை உளவியல் படித்தவள். குழந்தையை அதட்டவும் இவளுக்கு மனசு வராது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரே சொல்லும். பயிற்சியில் அதையே திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். பாலை நிறுத்து, அழுகை தானாக நிற்கும். அடிக்காதே, திட்டாதே, திரும்பிக்கூடப் பார்க்காதே. சும்மா இருக்கும் நேரம் பார்த்துச் சிரி. ஒரு நட்சத்திரம் ஒட்டு.

அப்படியே செய்தாள். முதலில் கத்தல் இரட்டிப்பானது. அதுவும் புத்தகத்தில் இருந்ததுதான். அலாரம் வந்து கையைப் பிடித்து இழுத்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகையையே பார்த்தாள். அந்த முகம் சுருங்கிப்போவதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் சத்தம் நின்றேபோனது. ஓய்வறையில் எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

இன்று காந்தப் பாடம். ஆணி ஒட்டியது, அழிப்பான் ஒட்டவில்லை. பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னார்கள்.

இடைவேளை முடிந்து வந்ததிலிருந்தே அலாரம் ஆசிரியையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், சுவரோரம், தூங்குமூஞ்சி என்று பெயரெடுத்த சிறுமி வழக்கம்போல மேசையில் கவிழ்ந்து கிடந்தாள். அவளை எழுப்பப் போனால் பேராசிரியரின் கண் நேராக அங்கேதான் போகும். கிடக்கட்டும் என்று ஆசிரியை விட்டுவிட்டாள்.

மறுபடியும் அலாரத்தின் உதடு பிரிந்தது. கை மேசையிலிருந்து பாதி எழும்பியது.

ஆசிரியை அவளைப் பார்த்து மனம் நிறையச் சிரித்தாள்.

கை இறங்கியது. உதடும் மூடிக்கொண்டது.

இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? எல்லோர் முன்னாலும் நடந்து போய் அலாரத்தின் சட்டையில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாள். தூங்குமூஞ்சியின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே என்னவோ குறித்துக்கொண்டார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வெளியே போனார்கள். பேராசிரியர் எழுந்து வந்து கைகொடுத்தார். இந்த வகுப்பை மற்ற பள்ளிக்கூடங்களுக்கும் காட்ட வேண்டும் என்றார். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வகுப்பில் இரண்டு பேர் மிச்சமிருந்தார்கள்.

தூங்குமூஞ்சியைத் தட்டினாள். பிறகு உலுக்கினாள். தலை துவண்டு அவள் கையிலேயே சாய்ந்தது. மூச்சு இருந்தது. கண் பாதி திறந்து எங்கேயோ பார்த்தது. காதுக்குப் பின்னால், முடிக்கு அடியில், பெரிதாக வீங்கியிருந்தது.

தலைமையாசிரியர் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு பேராசிரியரின் காரை நோக்கி ஓடினார். பேராசிரியரும் சாவியைத் தேடிக்கொண்டே பின்னால் ஓடினார்.

ஆசிரியை திரும்பினாள். அலாரத்தின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, இந்த வகுப்பில் இதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்தினாள்.

"என்னடி ஆச்சு அவளுக்கு? ஏன் எங்கிட்ட சொல்லல?"

அலாரம் மெதுவாகத்தான் பேசினாள்.

"இன்டர்வெல்ல படியில விழுந்துட்டா டீச்சர், தலை சுத்துதுன்னு சொன்னா. சொல்லிடலாம்னு உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சிரிச்சீங்க."